களவா? கலகமா? மர்ம நாவலின் உயிர் எது?

நூலகம் வைத்து நடத்தும் தமிழ்ச் சங்கங்களில் அவ்வப்போது ஒரு வினா எழுவதுண்டு. “துப்பறியும் கதைகளுக்கு நம் அலமாரியில் இடம் எதற்கு?” என்பது அவ்வினா. வினவுவோர் தமிழ்ப்பற்று மிக்கவர். அவர் நோக்கத்தில் நமக்கு ஐயமில்லை. ஊரையும் உறவையும் விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நம் பிள்ளைகள் கையில் எடுப்பது நல்ல நூலாக இருத்தல் வேண்டும் என்ற கவலையே அவரை அவ்வாறு பேச வைக்கிறது. அக்கவலை நமக்கும் உண்டு. ஆனால் அவர் கூறும் காரணத்தை நாம் ஏற்பதற்கில்லை.

துப்பறியும் கதை என்பது விடுகதையின் நீட்சி. முதலில் முடிச்சொன்று போடப்படுகிறது, இறுதியில் அவிழ்க்கப்படுகிறது. இடையில் வருவோர் மாந்தர் அல்லர், சதுரங்கக் காய்கள். அவர்களுக்குள் மோதல் என ஒன்று இருப்பின், அது கத்திக்கும் கழுத்துக்கும் இடையே நிகழ்வது மட்டுமே. இதுவே அவர் வழக்கு. இவ்வழக்கை மறுக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நம் துணிபு இது: சிறந்த மர்ம நாவலைக் குற்றம் தொடங்கி வைக்கலாம்; நகர்த்துவது குற்றமன்று. மனிதருக்கும் மனிதருக்கும் இடையே எழும் முரணே அதனை அடியெடுத்து வைக்கச் செய்கிறது. அது மட்டுமோ? குற்றத்தையே பெற்றெடுப்பதும் பல வேளைகளில் அம்முரணே.

பகைவரும் நண்பரும் செய்த ஒரே பிழை

மேலே கூறிய எண்ணம் நம்மவருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1945-ஆம் ஆண்டில் ‘நியூயார்க்கர்’ இதழில் இத்தகைய கதைகளை எள்ளி நகையாடினார். அகதா கிறிஸ்டியின் புகழ்பெற்ற நாவலில் கொலையுண்டவரைக் கொன்றவர் யாராயிருந்தால்தான் எவருக்கு என்ன என்பது அவர் ஏளனத்தின் சாரம். அவர் பகைவர், அவர் பேச்சை விட்டுவிடலாம்.

நண்பர்கள் செய்த கேடு அதனினும் பெரிது. துப்பறியும் கதைகளை எழுதிப் பொருளும் புகழும் ஈட்டிய எஸ்.எஸ். வான் டைன் என்னும் அமெரிக்கர் 1928-ஆம் ஆண்டில் இவ்வகைக் கதைகளுக்கு இருபது விதிகளை வகுத்தார். காதல் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. பிணம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்பது மற்றொன்று. காதலைத் துரத்திவிட்டுப் பிணத்தை வரவேற்கும் இவ்விதிகள், கதையை அறிவு விளையாட்டாகச் சுருக்கிவிட்டன. பகைவர் எதனைக் குறையென்றாரோ அதனையே நண்பர் நிறையென்றார். இருவரும் சேர்ந்து நம் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டனர்.

விதிகள் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகள் முன்னரே பிறந்த ஒரு நாவலைச் சான்றாக எடுத்துக்கொள்வோம். வில்கி காலின்ஸ் எழுதிய ‘மூன்ஸ்டோன்’ அது. ‘சந்திரகாந்தம்’ என்று நாம் அழைத்துக்கொள்ளலாம். சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 1868 ஜனவரி முதல் ஆகஸ்டு வரை தொடர்கதையாக வந்தது. ஆங்கிலத் துப்பறியும் நாவல்களுள் இதற்கே முதலிடம் தந்தார் கவிஞர் டி.எஸ். எலியட். அந்நாவலின் மையத்தில் கொலை இல்லை, களவே உள்ளது. அதன் நரம்பெல்லாம் காதல் ஓடுகிறது. வான் டைனின் விதிப்படி அது தேறாத மாணவன்! விதி தவறா, நாவல் தவறா என்பதைப் படித்தவர் அறிவர்.

கதையின் கரு

1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அந்தக் கொள்ளையின் நடுவே ஜான் ஹெர்ன்காசில் என்னும் ஆங்கில அதிகாரி, காவல் நின்ற அந்தணர் மூவரை வீழ்த்தி மஞ்சள் வைரம் ஒன்றைக் கவர்கிறான். சோமநாதத்துச் சந்திர தெய்வத்தின் நெற்றியில் இருந்தது அவ்வைரம் என்கிறது நாவல். சோமநாதர் சந்திரனுக்குத் தலைவரான சிவபெருமான் என்பது காலின்ஸுக்குத் தெரியவில்லை. அப்பிழையை நாம் மறைக்க வேண்டியதில்லை. நாவலின் வலிமை அங்கில்லை.

தம் கற்பனைக்குக் கோகினூரும், ருஷ்யப் பேரரசரின் செங்கோலில் பதித்த வைரமும் தூண்டுகோல் என்று காலின்ஸ் முன்னுரையில் குறிக்கிறார். ருஷ்ய வைரம் நம் திருவரங்கத்திலிருந்து களவாடப்பட்டது என்பது நெடுநாளைய செவிவழிக் கதை. வரலாறு அதற்குக் கையெழுத்திடவில்லை. எனினும் தமிழர்க்கு இந்நூல் முற்றிலும் அயலானதன்று என்பதற்கு இஃதோர் அடையாளம்.

ஹெர்ன்காசில் இறக்கும்போது அவ்வைரத்தைத் தங்கை மகள் ரேச்சலுக்கு எழுதி வைக்கிறான். 1848 ஜூன் 21 அன்று, அவளது பதினெட்டாம் பிறந்தநாளில், பெரியம்மா மகனான பிராங்க்ளின் பிளேக் அதனைக் கொண்டுவந்து தருகிறான். மூன்று இந்தியர் வித்தைக்காரர் வேடத்தில் வீட்டைச் சுற்றுகின்றனர். அன்றிரவே வைரம் காணாமற் போகிறது.

எடுத்தவர் யார்? விடுகதையாளர் இங்கே அமர்ந்துவிடுவார். நாம் சற்று முன்னே சென்று, எடுக்க நேர்ந்தது ஏன் எனக் கேட்போம். நூலின் முடிவை இங்கே வெளியிடப் போகிறோம்; படிக்காதவர் பொறுத்தருள்க. முடிவு தெரிந்த பின்னரும் படிக்கத் தூண்டும் நூலே இலக்கியம் என்பது நம் வாதத்தின் ஒரு கூறு.

விருந்து மேசையில் ஒரு சொற்போர்

ரேச்சலுக்குச் சுருட்டு நாற்றம் ஆகாது. அவள்பால் காதல் கொண்ட பிராங்க்ளின் சுருட்டை ஒரேயடியாக விட்டுவிடுகிறான். அதனால் உறக்கம் கெடுகிறது. பிறந்தநாள் விருந்தில் டாக்டர் கேண்டி என்னும் உள்ளூர் மருத்துவர், “மருந்து தருகிறேன், உறங்கலாம்” என்கிறார். மருந்துண்பது இருட்டில் தடவுவது போன்றதே என்று கேலி செய்கிறான் இளைஞன். மருத்துவர் சூடாக விடையிறுக்கிறார். சொல்லுக்குச் சொல் வளர்கிறது. வீட்டுத் தலைவி குறுக்கிட்டு இருவரையும் அடக்குகிறாள்.

வாய் அடங்கிற்று, வன்மம் அடங்கவில்லை. மருந்தின் ஆற்றலை மெய்ப்பிக்க எண்ணிய மருத்துவர், இருபத்தைந்து துளி அபினிக் கரைசலை அவன் அறியாமல் அவன் பருகும் மதுவில் கலக்கச் செய்கிறார். மறுநாள் உண்மையைச் சொல்லி நகைப்பதே அவர் திட்டம். ஆனால் அன்றிரவே மழையில் நனைந்து வீடு திரும்பியவர் காய்ச்சலில் விழுகிறார், நினைவு சிதைகிறது, உண்மை அவருடன் புதைகிறது.

அதே இரவில் வேறொரு சிறு பூசலும் நிகழ்கிறது. வைரத்தைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு தாய் சொல்கிறாள். இவ்வீட்டில் கள்வரா இருக்கின்றனர் என மறுத்து, பூட்டில்லாத பேழையில் வைக்கிறாள் மகள். அதனைக் கேட்டிருந்த பிராங்க்ளினின் உள்ளத்தில் வைரத்தின் காப்பு குறித்த அச்சம் தைத்து நிற்கிறது. அபினி மயக்கத்தில் அவ்வச்சமே அவனை எழுப்பி நடத்துகிறது. தன் கையாலேயே வைரத்தை எடுக்கிறான். விடிந்ததும் அவனுக்கு ஒன்றும் நினைவில்லை!

எண்ணிப் பாருங்கள். இங்கே கள்வன் என்று ஒருவன் எங்கே இருக்கிறான்? காதலனின் விட்டுக்கொடுத்தல், மருத்துவரின் தன்முனைப்பு, இளைஞனின் துடுக்கு, மகளின் பிடிவாதம், தாயின் தளர்ச்சி ஆகிய ஐந்தும் உரசிய தீப்பொறியே குற்றமாயிற்று. தம் முந்தைய நாவல்களில் சூழ்நிலை மனிதரை எவ்வாறு ஆட்டுகிறது எனக் காட்டியதாகவும், இதில் மனிதரின் பண்பு சூழ்நிலையை எவ்வாறு ஆக்குகிறது எனக் காட்ட முயன்றதாகவும் காலின்ஸ் முன்னுரையிற் கூறுவது வெற்றுரையன்று. சதுரங்கக் காய்களுக்குத் தன்முனைப்பு ஏது?

வாய் திறவாத காதலி

இனி நாவலை நகர்த்தும் பேரச்சாணிக்கு வருவோம். ரேச்சல் அன்றிரவு உறங்கவில்லை. தான் காதலிக்கும் ஆடவன் தன் அறையில் புகுந்து வைரத்தை எடுப்பதைக் கண்ணாரக் கண்டுவிடுகிறாள். பொழுது விடிகிறது. அதே ஆடவன் போலீசை அழைக்க எல்லாரினும் முந்தி ஓடுகிறான். அவள் கண்ணுக்கு இஃது எப்படித் தோன்றும்? கள்வன் மட்டுமல்லன், பசப்புக்காரனும் எனத் தோன்றும். அவன் எவ்வளவு உண்மையாகத் தேடுகிறானோ அவ்வளவு பொய்யனாக அவளுக்குத் தெரிகிறான். ஆயினும் காட்டிக்கொடுக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே வாயை மூடிக்கொள்கிறாள்.

அவளது மௌனமே அதன்பின் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் உந்துகிறது. லண்டனிலிருந்து சார்ஜண்ட் கஃப் வருகிறார். ரோஜாச் செடிகளை நேசிக்கும் அம்முதியவர் உள்ளூர்ப் போலீசைப் போன்றவரல்லர். கதவில் பூசிய ஈர வண்ணம் ஓரிடத்தில் கலைந்திருப்பதைக் கண்டு, அவ்வண்ணம் காய எத்தனை மணி நேரமாகும் எனக் கேட்டு, வண்ணம் ஒட்டிய ஆடையைத் தேடுங்கள் என்கிறார். அறிவின் வேலை இவ்வளவே. ஆனால் வீட்டு மகளே விசாரணைக்கு முட்டுக்கட்டை போடுகிறாள். கஃப் அதனைக் கண்டு, கடனை அடைக்க அவளே தன் வைரத்தை ஒளித்தாள் என முடிவு கட்டுகிறார். தாய் அவரைக் கூலி கொடுத்து அனுப்பிவிடுகிறாள். வழக்கு ஏறக்குறைய ஓராண்டு உறங்குகிறது.

பெரும் துப்பறிவாளர் தோற்றார்! ஏன்? தடயத்தைச் சரியாகப் படித்தவர் மனத்தைத் தவறாகப் படித்தார். மர்ம நாவல் வெறும் தடயக் கணக்கானால் அவர் முதல் மூன்று நாளிலேயே வென்றிருக்க வேண்டும்; நூலும் முதற் பகுதியோடு முடிந்திருக்க வேண்டும். ஓராண்டுக்குப் பின் பிராங்க்ளினும் ரேச்சலும் நேருக்கு நேர் நின்று, நீ எடுத்ததை நான் பார்த்தேன் என்று அவள் வெடிக்கும் காட்சியே நாவலின் உச்சம். அங்கே பூதக்கண்ணாடிக்கு வேலையில்லை. மனம் விட்டுப் பேசியிருந்தால் ஒரு காலைப்பொழுதில் தீர்ந்திருக்கக்கூடிய துயரம் அது.

புதைமணலில் மறைந்த ஏவற்பெண்

மற்றொரு முரணும் உண்டு. அது செல்வர்க்கும் ஏழைக்கும் இடையிலானது. ரோசன்னா அவ்வீட்டு ஏவற்பெண். ஒருகாலத்தில் திருடிச் சீர்திருத்த இல்லத்தில் இருந்தவள். தோள் ஒன்று கோணியவள். பிராங்க்ளினை ஒருதலையாகக் காதலிக்கிறாள். வண்ணம் ஒட்டிய அவனது இரவு அங்கி அவள் கையிலேயே சிக்குகிறது. அவனைக் காக்க எண்ணி, அதனைத் தகரப் பெட்டியில் இட்டுக் கடலோரப் புதைமணலில் மறைத்து வைக்கிறாள். அவனிடம் பேச முயல்கிறாள், முடியவில்லை. அவளிடம் தனக்கு எவ்வகை அக்கறையும் இல்லை என அவன் சொல்வது அவள் செவியில் விழுகிறது. அவள்மேல் ஐயம் வலுக்கக்கூடாது என்பதற்காக அவன் சொன்ன சொல்லே அவளைக் கொன்றுவிடுகிறது. அப்புதைமணலிலேயே உயிரை விடுகிறாள்.

அவளுடைய தோழி, கால் ஊனமுற்ற லூசி, ஏழைகள் செல்வர்க்கு எதிராக எழும் நாள் தொலைவில் இல்லை எனக் குமுறுகிறாள். ஐரோப்பா முழுதும் புரட்சித் தீ பரவிய 1848-ஆம் ஆண்டில் அவள் பேசுகிறாள் என்பதை மறவாதீர்கள். அச்சினத்தால் அவள் கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வதே கதையைத் தாமதிக்கச் செய்கிறது. பின்னர் அதை ஒப்படைப்பதே முன்னே தள்ளுகிறது. வருக்கப் பகையே இங்கு கதைப்போக்கு!

ஐயம் முதலில் யார்மேல் விழும்?

புலம்பெயர்ந்து வாழும் நாம் இந்நூலைப் படிக்கவேண்டிய தலையாய காரணம் இனித்தான் வருகிறது. வைரம் மறைந்ததும் முதல் ஐயம் யார்மேல் விழுந்தது? வெளிநாட்டு முகமுடைய மூவர்மேல். களவு நேர்ந்த வேளையில் அவர்கள் பக்கத்து ஊரில் இருந்தது மெய்ப்பிக்கப்படுகிறது. எனினும் வேறொரு சாக்கைக் காட்டி ஒரு வாரம் சிறையில் வைக்கின்றனர். இரண்டாம் ஐயம்? ஏவலர் பெட்டிகள்மேல். இருபதாயிரம் பவுன் பிறர் பணத்தைக் கையாடிவிட்டு, அறச்சங்க மேடைகளில் உருகி உருகிப் பேசும் காட்ஃப்ரே ஏபிள்வைட்மேல் எவர் கண்ணும் விழவில்லை. மயக்கத்தில் பிராங்க்ளின் பாதுகாக்கக் கொடுத்த வைரத்தை வைத்துக்கொண்டவன் அவனே.

மறைந்த உண்மையைத் தோண்டியெடுப்பவன் யார்? மருத்துவரின் உதவியாளன் எஸ்ரா ஜென்னிங்ஸ். கலப்பினத்தான், ஊரார் அருவருக்கும் தோற்றத்தினன், நோய்க்கு அபினியை நாடி அதற்கு அடிமையானவன். மருத்துவரின் சன்னிப் பிதற்றலிலிருந்து உண்மையைக் கோத்தெடுத்து, மறுபடியும் பிராங்க்ளினுக்கு அபினி கொடுத்துச் சோதனை நடத்தி அவனைக் கறையற்றவன் என நிறுவுகிறான். எல்லாரும் ஒதுக்கியவன் ஒருவனே எல்லாருக்கும் நீதி வழங்குகிறான்.

வேற்று மாநிலத்தில் குடியிருப்பவர்க்கு இது கதையா? பொருள் ஒன்று காணாமற் போனால் மொழி புரியாதவன் முகத்தையே முதலில் பார்க்கும் உலகை நாம் அறிவோம். அதே நாம், நம் வீட்டில் மோதிரம் ஒன்று கைதவறினால் யார் முகத்தைப் பார்க்கிறோம்? பாத்திரம் துலக்க வரும் அம்மாவின் முகத்தையே அன்றோ? நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம். நம் மீது பிறர் வீசும் ஐயத்தை நாம் அடுத்தவர் மீது வீசுகிறோம். நாம் எவ்விடத்தில் நிற்கிறோம் என்று கேட்கும் நூலைப் பொழுதுபோக்கு எனத் தள்ளுவது எவ்வாறு?

மறுப்புக்கு மறுப்பு

“அபினி மயக்கத்தில் நடந்ததை அபினியே மீண்டும் நடத்திக் காட்டும் என்பது நம்பத்தக்கதா?” எனச் சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. காலின்ஸ் தம் காலத்து மருத்துவ நூல்களைத் துணைக்கு அழைக்கிறார். இன்றைய அறிவியல் அதனை அப்படியே ஒப்புமென நாம் வாதிடமாட்டோம். கடும் மூட்டுவலிக்காக அவரே அந்த மருந்தை உட்கொண்டு, வலியோடு இந்நூலின் பகுதிகளைச் சொல்லி எழுதுவித்தவர் என்பதையும் நினைவிற் கொள்க. சோதனை ஐயத்திற்குரியதாயினும், அதனைச் சாட்சியாக நின்று காணும் ரேச்சலின் உள்ளமாற்றம் ஐயத்திற்குரியதன்று. கதை நிற்பது அதன்மேல்தான்.

இன்னொரு பக்கத்தாரும் நம்மோடு வழக்காட வரலாம். “ஆக, முரண்தான் கதையை நகர்த்தும் என்கிறீர்கள், எங்கள் கதையில் அத்தியாயத்திற்கு ஓர் அடிதடி வைக்கிறோமே!” என்பர் அவசர எழுத்தாளர். ஐயா, அடிதடி வேறு, முரண் வேறு. இருவர் பொருதுவதால் மட்டும் முரண் தோன்றாது. இருவர் பக்கமும் ஓரளவு நியாயம் இருந்து, அது ஒன்றையொன்று காணாதபோதே முரண் தோன்றுகிறது. ரேச்சல் கண்டதும் மெய். பிராங்க்ளின் சொன்னதும் மெய். இரண்டு மெய்கள் மோதிக்கொண்டமையால் ஒரு பெண் புதைமணலுக்குப் போனாள். மூன்று இந்தியரின் கைகளிலும் இறுதியில் காட்ஃப்ரேயின் குருதி படிகிறது. ஆனால் அவர்கள் மீட்டது தம் தெய்வத்தின் பொருளை. 1799-இல் மூவரைக் கொன்றவன் தண்டனையின்றி வாழ்ந்தான். சான்றில்லை எனக் குடும்பம் வாய்மூடிற்று. எது பெருங்குற்றம்? விடை சொல்லாமல் விடுகிறது நூல். அதனால்தான் அது நிற்கிறது.

நமக்கு இது புதிதா?

துப்பறியும் கதை மேல்நாட்டுச் சரக்கு, நம் மரபுக்கு ஒவ்வாது என்போர்க்கு ஒன்று சொல்லி முடிப்போம். சிலப்பதிகாரத்தைத் திறந்து கொலைக்களக் காதையைப் பாருங்கள். ஆடல் மகளிர் பொருட்டு அரசியார் ஊடித் தலைநோய் எனச் சொல்லி எழுந்து போகிறார். அவ்வூடலைத் தணிக்க விரையும் பாண்டியனை வழியில் மறித்துப் பொய் சொல்கிறான் பொற்கொல்லன். களவாடியவன் அவனே. விரைவில் இருந்த மன்னன் ஆராயாமல் ஆணையிடுகிறான். ஒரு வீட்டுப் பூசல். ஒரு கணத்து அவசரம். ஒரு வணிகனின் உயிர். ஒரு நகரின் அழிவு! அந்த வணிகன் யார்? பிழைப்புத் தேடி வேற்றூர் புகுந்தவன். பின்னர் முத்தா மாணிக்கமா எனச் சிலம்பை உடைத்துச் சான்று காட்டிய கண்ணகிக்கு ஈடான வழக்காளர் எந்த மர்ம நாவலில் உண்டு?

இளங்கோவடிகளையும் காலின்ஸையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. காப்பியம் காப்பியமே. ஆனால் விருந்து மேசையின் சொற்போர் ஒரு வைரத்தையும், பள்ளியறையின் ஊடல் ஒரு மதுரையையும் இழக்கச் செய்கின்றன என்ற உண்மையை இரண்டும் அறிந்திருக்கின்றன. பெருந்தீமைகள் சிறு பிணக்குகளிற் பிறக்கின்றன; கேளாமல் தீர்ப்பளிப்பதால் வளர்கின்றன.

ஆதலின், சங்க நூலகப் பொறுப்பாளர்க்கு நம் வேண்டுகோள்: மர்ம நாவல்களை அலமாரியிலிருந்து அகற்றாதீர்கள்; தரம் பிரித்து வையுங்கள். பிணத்தை மட்டும் காட்டும் நூலைத் தள்ளுங்கள். மனத்தைக் காட்டும் நூலைப் போற்றுங்கள். பெற்றோர்க்கும் ஒரு சொல்: எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கும் பிள்ளைகள் அடுத்த பக்கத்தைப் புரட்டும் ஆவலிலேயே மொழியைக் கைவசப்படுத்துவர். நூலை முடித்த பிள்ளையிடம், “எடுத்தது யார்?” என்று மட்டும் கேளாதீர்கள். “அந்தப் பெண் ஏன் வாய் திறக்கவில்லை? நீயாயிருந்தால் கேட்டிருப்பாயா?” என்று கேளுங்கள். அவ்வினாவுக்குப் பிள்ளை விடை தேடத் தொடங்கும் நாளில், அலமாரியில் இடம் எதற்கு என்ற பழைய வினாவுக்கும் விடை கிடைத்துவிடும்.